மலையேறும் மெழுகுவத்தி

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஓர் அட்டைப்பெட்டி, அது நிறைய அவளே வீட்டில் சோயா மெழுகைக் கண்ணாடி கிளாஸ்களில் ஊற்றிச் செய்த மெழுகுவத்திகள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினேன்.

"ஏனுங்கக்கா, பத்த வெச்சா நடுவுல மட்டும் உருகிக் குழியாகி, அணைஞ்சுபோகுதுங்க."

"தம்பி நிச்சயத்துக்குக் கொண்டு போறப்ப அணையுதுன்னு சொல்லாத கண்ணு. மலையேறுதுன்னு சொல்லு."

"சரிங்க. எல்லாமே மலையேறுதுங்க."

"திரிய சன்னமாப் போட்டுட்டயாட்ட இருக்குது."

"தடியாப் போட்டா புகையுதுங்க. கிளாஸெல்லாம் கரி."

"மொதத் தடவை பத்த வெக்கறப்ப, மேல பூராவும் உருகற வரைக்கும் உட்டுப்போடோணும்."

"அதுக்குள்ள மலையேறிப்போகுதுங்களேக்கா! பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால மானம் போகப்போகுது. மண்டபத்துல வெச்சதும் ஒண்ணு உடாம மலையேறப்போகுது."

பக்கத்தில் நின்றிருந்த கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்த பஸ்ஸு மலையேறாதுங்க. மேட்டுப்பாளையத்துல எறங்கி ஊட்டி பஸ் புடிக்கோணும். யாரு போறாங்க?"

"மெழுகுவத்திங்க."

கண்டக்டர் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"மடியில உக்காந்துட்டு வந்தா டிக்கெட் வேண்டாமுங்க."