சுத்தியலோடு வந்தவள்

— சாவியைக் கீழ வைங்க மாமா. நான் வர்றதுக்கு முன்னாடி இஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு நேத்தே போன்ல சொன்னேனா இல்லையா?

— யாரு பண்ணா? கர்த்தரே! சபைக்குக்கூடப் போகாம உனக்காகத்தான் காலையிலேருந்து உக்காந்திருக்கேன்.

— அப்போ பானட்டு ஏன் சுடுது?

— இது மிரி டவுன் வெயிலு பொண்ணே. நீ பாரியோ மேட்டுலேருந்து எறங்கி வந்தவ. இங்க நெழலே சுடும்.

— வெயிலு இன்னும் உங்க வேலியையே தாண்டலை. சூடா இருந்தா எந்தக் கெழட்டு வண்டியும் ஒரே திருகுல கெளம்பிடும். ஆறினப்புறம் இருமுதா, கரும்புகை கக்குதான்னு நான் பாக்கணும். ஒரு மணி நேரம் காத்திருக்கேன், பரவாயில்ல. அதுக்குள்ள அடியில பூந்து பாத்துடறேன்.

— மெக்கானிக் யாரையும் கூட்டிட்டு வரலையா?

— கூட்டிட்டு வந்திருக்கேனே. இதோ.

— இது சுத்தியல்.

— எங்க அப்பாவோடது. கைப்பிடிக்குப் பெரம்பு சுத்திக் குடுத்து அனுப்பினாரு. சரி, அடுத்தது. இது எத்தனை கை மாறின வண்டி?

— ஒரே கை. என் கைதான். இருபது வருஷமா டவுனைத் தாண்டினதே இல்ல. சந்தைக்குப் போவேன், சபைக்குப் போவேன், வீட்டுக்கு வருவேன். அவ்வளவுதான். பதினெட்டாயிரம் ரிங்கிட்டுக்கு இப்படி ஒரு ஃபோர்வீல் உனக்கு எங்க கிடைக்கும்?

— பின்சீட்டைத் தூக்கிக்கட்டுமா?

— தூக்கேன். அதுல என்ன இருக்கப் போகுது?

— மணல் இருக்கு. ஆத்து மணல். கூழாங்கல்லோட.

— பேரன் அள்ளிப் போட்டு விளையாடியிருப்பான்.

— சீட்டைக் கழட்டி, அடியில மணல் போட்டு, திரும்ப நட்டு முறுக்கி விளையாடினானா? பலே பேரன்தான்.

— ஹா! வாயாடி. சரி விடு, ரெண்டு மூணு தடவை ஆத்துல எறங்கியிருக்கு. ஃபோர்வீல்னா ஆத்துல எறங்காம கல்யாண வண்டி மாதிரி அலங்காரம் பண்ணியா வச்சுக்குவாங்க?

— எறங்கினது தப்பில்ல மாமா. எறங்கலைன்னு சொன்னதுதான் தப்பு. தண்ணி அச்சு வரைக்கும் ஏறியிருந்தா உள்ள ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கும். அந்தத் திருகாணியைக் கழட்டறேன், ஒரு டப்பா குடுங்க... ம். கறுப்பாதான் இருக்கு. இது பரவாயில்ல. சரி, அடுத்தது. வண்டிப் பதிவுக் கார்டு எங்க?

— அது வீட்டுக்காரி பெட்டியில இருக்கு. சாவி அவகிட்ட. அவ சபையிலேருந்து வரணும்.

— கார்டு பாக்காம காசு எடுக்க மாட்டேன். இஞ்சின் நம்பரு ஒத்துப் போகணும், பேரும் ஒத்துப் போகணும். உங்க பேரு பாலாங் உலுன்தானே?

— ஆமா, பேரன் பொறந்தப்போ எனக்கு வச்ச புதுப் பேரு. ரெண்டு எருமை வெட்டினோம். மூணு நாள் சாப்பாடு. பேரு மாத்தற விருந்துன்னா அப்படி இருக்கணும். உங்க வீட்டுல சமீபத்துல யாருக்காவது பேரு மாத்தினீங்களா?

— இல்ல. எங்க அண்ணனுக்கு முப்பத்தஞ்சு வயசாகுது, இன்னும் சின்னப்பையன் பேரோடவே திரியறான். ஒரு புள்ளை தங்கினாத்தானே அப்பன்னு புதுப் பேரு வைக்க முடியும்? போன தடவை அண்ணிக்கு வலி எடுத்தப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்த விமானம் எறங்க முடியாம மேகத்துக்கு மேலேயே ரெண்டு சுத்து சுத்திட்டுத் திரும்பிப் போயிடுச்சு. ஊர்ல ஒரே ஒரு வண்டி, அதுவும் ஓடாம கிடந்துச்சு. புள்ளை போச்சு. இப்போ திரும்ப ஏழாம் மாசம். மழை தொடங்கப் போகுது. இந்த வாரத்துக்குள்ள வாசல்ல ஒரு வண்டி நிக்கணும் மாமா. அது வழியில நிக்கக் கூடாத வண்டியா இருக்கணும்.

— யாரு ஓட்டப் போறா? உங்க அண்ணனா?

— நான்தான். ரெண்டு வருஷம் மரக் கம்பெனில லாரி ஓட்டியிருக்கேன். ஏன், நம்ப முடியலையா?

— நம்பறேன் தாயே. நீ தட்டற தட்டுல எனக்கே ஒடம்பு நடுங்குது. அது என்ன, அடியில படுத்துக்கிட்டு ணங்கு ணங்குன்னு?

— சேஸிஸ். நல்ல இரும்பு மணி மாதிரி பேசும், துருப்பிடிச்சது பூசணிக்கா மாதிரி தொப்புன்னு பேசும். பெயின்ட்டுக்குக் கண்ணு ஏமாறும், காது ஏமாறாது. அப்பா ஒரு காலைக் குடுத்துக் கத்துக்கிட்ட பாடம் இது.

— காலையா?

— ஆமா. எனக்கு அப்போ அஞ்சு வயசு. காட்டுக் கேம்ப்புல வேலை பாத்த ஒருத்தன்கிட்ட வண்டி வாங்கினாரு. அவனும் நம்ம ஆளுதான், கீழ் ஆத்துப் பக்கம். லியான்னு பேரு. அடியெல்லாம் பளபளன்னு புதுசாத் தார் அடிச்சிருந்தான். ‘நம்ம ஆளு, நம்மளை ஏமாத்துவானா’ன்னு அப்பா குனிஞ்சுகூடப் பாக்கலை. நாலாவது நாள் மேட்டுல ஏறறப்போ வண்டி ரெண்டா முறிஞ்சுது. உள்ளேருந்து சிமென்ட்டும் பழைய நியூஸ்பேப்பரும் கொட்டுச்சாம். துரு ஓட்டையை அதை வச்சு அடைச்சிருக்கான் பாவி! அப்பாவோட வலது கால் அடியில மாட்டிக்கிச்சு... இந்தப் பக்கம் முடிஞ்சுது. கொஞ்சம் தள்ளுங்க, அந்தப் பக்கம் போகணும்.

— உங்க அப்பா பேரு என்ன?

— கெராவாட். மாமா? ஏன் உக்காந்துட்டீங்க? தலை சுத்துதா?

— ஒண்ணும் இல்ல. அவரு இப்போ எப்படி இருக்காரு?

— கட்டையை ஊனிக்கிட்டு வயலுக்குப் போறாரு. வரப்புல விழுவாரு, எழுந்துப்பாரு, யாரையும் தொட விட மாட்டாரு. லியான் எங்க போனான்னு பத்து வருஷம் தேடினாரு. செத்துட்டான்னு ஒருத்தர் சொன்னாங்க, எல்லை தாண்டிட்டான்னு ஒருத்தர் சொன்னாங்க. அப்புறம் தேடறதை விட்டுட்டாரு. சரி, அடுத்தது. இஞ்சின் ஆறியிருக்கும். பின்னால புல்வெளிக்குப் போய் ஃபோர்வீல் போட்டுப் பாக்கறேன். தார் ரோட்டுல போட்டா அச்சு முறுக்கிக்கும்.

— புல்வெளியில ஓடும். நல்லாவே ஓடும். உனக்குத் தெரியாது.

— என்ன தெரியாது?

— முன் சக்கரத்துல மூடி இருக்குல்ல, கையால திருகி ஃபோர்வீலுக்குப் பூட்டறது? இடது பக்கத்து மூடிக்குள்ள பல்லு தேஞ்சு போச்சு. திருகினா திரும்பும், ஆனா பிடிக்காது. சமதரைல ஒண்ணும் தெரியாது. சேத்து மேட்டுல பாரத்தோட ஏறறப்போ கைவிட்டுடும்.

— இதை நான் வந்ததும் சொல்லலையே நீங்க.

— இப்போ சொல்றேன். ரேடியேட்டர்ல கீழ்ப்பக்கம் ஒரு ஒழுக்கு இருக்கு, நேத்து ராத்திரிதான் பசை வச்சு அடைச்சேன். காலையில ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன், சூடா இருக்கட்டும்னுதான். நாலு டயருல ஒண்ணு அளவு வேற. இதெல்லாம் மாத்து. சேஸிஸ் மட்டும் சுத்தம். தட்டினியே, உனக்கே தெரியும். இதுல நான் சிமென்ட் வைக்கலை. பின் ஸ்பிரிங் கொக்கிக்கு மேலயும் பாரு, அங்கயும் வைக்கலை.

— பின் ஸ்பிரிங் கொக்கிக்கு மேலயா?

— ஆமா.

— எந்த எடத்துல சிமென்ட் வச்சிருந்துச்சுன்னு நான் சொல்லவே இல்லையே மாமா.

— நீ சொல்லலை. இரு. கார்டு வீட்டுக்காரி பெட்டியில இல்ல. என் சட்டைப் பையிலதான் காலையிலேருந்து இருக்கு. இந்தா. நம்பரைப் பாரு.

— நம்பரு... ஒத்துப் போகுது.

— பேரைப் படி. சத்தமா படி பொண்ணே.

— லியான் தாடுன்.

— விருந்து போட்டு ஊரு என் பேரை மாத்திடுச்சு. கார்டுல பொறந்தப்போ வச்ச பேருதான் இன்னும் இருக்கு. மேட்டுல முறிஞ்ச சேதி அடுத்த வாரமே என் காதுக்கு வந்துது. ஓடிட்டேன். பேரன் பொறந்து புதுப் பேரு வந்தப்போ, பழையவன் செத்துட்டான்னு நானே நம்பிட்டேன். நீ கெராவாட் மகள்னு சொன்னதும் ஏதாவது சாக்குச் சொல்லி உன்னை அனுப்பியிருக்கலாம். என்னால முடியலை. வண்டியை எடுத்துட்டுப் போ. ஒத்தைக் காசு வேணாம். உங்க அப்பா அதை அப்பவே குடுத்துட்டாரு.

— எங்க அப்பா காலுக்கு நீங்க விலை போடாதீங்க.

— நான் அப்படிச் சொல்லலை...

— பதினெட்டாயிரம் கேட்டீங்க. மூடிக்கும் டயருக்கும் ரேடியேட்டருக்கும் ரெண்டாயிரம் கழிச்சுக்கறேன், மீதியை எண்ணித் தருவேன். வாங்கிக்கணும். அப்புறம் உங்க பேரு ரெண்டையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, பழசும் புதுசும். அப்பாகிட்ட காட்டணும். அவரு என்ன சொல்றாருன்னு அவரைத்தான் நீங்க கேக்கணும், என்னை இல்ல.

— எழுதித் தரேன். அழறியா?

— அழுதா என்ன, வேலை நிக்குமா? அண்ணிக்கு ஏழாம் மாசம். அந்தப் படியில வச்சிருக்கேன் பாருங்க, அந்தச் சுத்தியலை எடுத்துக் குடுங்க. முதல்லேருந்து திரும்பத் தட்டணும்.