மோட்டாரைக் கழற்றச் சொன்னேன்

உங்கள் தலைக்கு மேலே ஓடும் மின்விசிறி லேசாக ஆடுகிறது. இன்றோ நாளையோ விழுந்துவிடாது. ஆனால் கொக்கியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். யாரையாவது ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

நான் லிஃப்ட் ஆய்வாளர். அடுக்குமாடிகள், ஆஸ்பத்திரிகள், அலுவலகங்கள் என்று போய், கம்பிக்கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பேன். லிஃப்ட் விழுந்தால் ஊரே கூடி நின்று யார் பார்த்தது என்று கேட்கும். விழாத லிஃப்டுக்காக இதுவரை ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. எதிர்பார்த்ததும் இல்லை.

நீங்கள் கேட்பது என் தங்கையின் கணவரைப் பற்றி. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சோபாவும் திரைச்சீலையும் விற்கிற கடை வைத்திருக்கிறார். பேச்சிலேயே ஆளைக் கவிழ்த்துவிடுவார். அவர் ஓர் அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். நான் நுழைந்தால் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்வார்கள். என் வேலையை வைத்து எனக்கு ‘மறை’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். "மச்சானுக்கு மறை கழலாது. மத்தவங்க மறையைத்தான் கழட்டுவாரு" என்பார். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். நானும் பல தடவை சிரித்திருக்கிறேன்.

போன வருஷம் அவர் ஒரு ரப்பர் படகு வாங்கினார். காற்று அடைத்து மிதக்க விடுகிற வகை. பின்னால் ஒரு பலகை, அந்தப் பலகையில் மாட்டிக்கொள்ளப் பெட்ரோல் மோட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் கட்டி, ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்கு இழுத்துப் போவார். தங்கை அவருடன் போவாள். என் மனைவியும் நானும் எங்கள் காரில் பின்னாலேயே போவோம்.

முதல் நாளே சொன்னேன். "மாப்பிள்ள, ரோட்டுல போகும்போது மோட்டாரைக் கழட்டி டிக்கியில போட்டுடுங்க."

"ஏன் மச்சான்? தண்ணியில அதோடதானே ஓடுது?"

தண்ணீரில் படகு மொத்தமும் மிதக்கிறது, பாரம் பரவிப் போகும் என்று விளக்கினேன். சாலையில் அப்படி இல்லை. அந்த மோட்டார் ஓர் ஆள் தனியாகத் தூக்கித் திணறுகிற எடை. பலகையோ ரப்பரில் பசை போட்டு ஒட்டியது. ஒவ்வொரு பள்ளத்திலும் மோட்டார் துள்ளித் துள்ளி, சுத்தியல் போலப் பலகையை இழுக்கும். ஒன்று பசை விடும். இல்லையென்றால் மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகள் இளகும். இதில் புரியாதது என்ன இருக்கிறது?

அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்து, தங்கை பக்கம் திரும்பி, "உங்க அண்ணன் குளிக்கும்போது வாளிக்கும் ரிப்போர்ட் எழுதுவாரா?" என்றார். மோட்டார் கழற்றப்படவில்லை. கழற்றி மாட்ட அவருக்குச் சோம்பல். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருந்திருந்தால் நான் மதித்திருப்பேன்.

நான் விடவில்லை. சரி, கழற்ற வேண்டாம், கீழே ஒரு தாங்கலாவது கொடுக்கலாம் என்று, ஒரு நல்ல கட்டையை அளவெடுத்து அறுத்து, முனையில் ரப்பர் ஒட்டி, மோட்டாருக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் நடுவில் நிற்கிற மாதிரி செய்து கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிக் காட்டினார். "மச்சான் எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுவார்னு சொன்னா யாரும் நம்பல. இப்பப் பாருங்க, கையாலயே செஞ்சு கொண்டுவந்துட்டாரு." ஆனாலும் அதை மாட்டினார். தங்கை மாட்ட வைத்தாள்.

மழைக்காலத்துக்குப் பிறகு பலகையின் ஓரத்தில் பசை விட்டது. விரல் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. நான்தான் பார்த்தேன். பழுதுபார்க்கும் கடைக்கு நானும் கூடப் போனேன், அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று கேட்க. கடைக்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "வெயில்ல கெடந்தா இப்படித்தாங்க ஆகும். பழைய பசை" என்றார். மாப்பிள்ளை என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா மச்சான், வெயில்." நான் அந்தக் கடையில் நின்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதன் சரியாகச் சொல்கிறான், அவன் சொன்னபடியே நடக்கிறது, அப்போதும் பெயர் வெயிலுக்குப் போகிறது. உங்களுக்கு என்றால் எப்படி இருக்கும்?

பிறகு தங்கையின் பிறந்தநாள். அவர்கள் வீட்டுக் கூடம் நிறையச் சொந்தமும் நட்பும். மாப்பிள்ளை என்னைப் போல நடித்துக் காட்டினார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, கேக் வைத்திருந்த மேஜையின் காலை ஆட்டிப் பார்த்து, "இந்த மேஜையில கேக் வெட்ட அனுமதி இல்லை" என்று என் குரலிலேயே சொன்னார். குரல் நன்றாகவே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வரவில்லை, தலைவலி என்றாள். நான் மட்டும் போனேன். அவர்கள் வாசலில் படகு ஏற்றித் தயாராக நின்றது. மோட்டார் வழக்கம்போலப் பலகையில். மாப்பிள்ளை உள்ளே சாவி தேடிக்கொண்டிருந்தார். தங்கை கூடையோடு வந்தவள், "அண்ணா, நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன். நீங்க பாத்தாதான் எனக்கு நிம்மதி" என்றாள்.

பார்த்தேன். அவள் கூடையை அவர்கள் காரின் முன்சீட்டில் வைக்கப் போன நேரத்தில், குனிந்து முட்டுக்கட்டையை உருவி, என் காரின் டிக்கியில் வைத்தேன். மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு திருகுகளையும் தளர்த்தினேன். முழுக்க இல்லை. சாலையின் ஆட்டம் செய்யப்போவதில் ஒரு பகுதியை முன்கூட்டியே செய்தேன், அவ்வளவுதான். காப்புக்காக ஒரு சங்கிலி உண்டு, அதையும் அவிழ்த்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "சரியா இருக்கும்மா" என்றேன்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். ஏரிக்குப் போகும் வழியில், ஊர் எல்லை தாண்டியதும் தோண்டிப் போட்ட சாலை. அங்கே எல்லோரும் நத்தை மாதிரிதான் போவார்கள். அங்கே மோட்டார் கழன்று மண்ணில் விழும். பின்னால் வருவது நான் மட்டும். போதிய தூரம் விட்டு வருவேன். ஒரு மோட்டார் நாசமாகும். அவர் இறங்கி வந்து அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். எனக்கு அது போதும். யார் உயிரும் என் மனதில் இல்லை. பாதுகாப்புதான் என் தொழில்.

தோண்டிய சாலையில் அது விழவில்லை. துள்ளியது, சாய்ந்தது, நின்றது. எனக்கே ஆச்சரியம். தளர்த்திய பிறகும், தாங்கல் இல்லாமல், சங்கிலி இல்லாமல் நின்றது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எனக்கு ஆட்டினார்.

பிறகு பெரிய சாலை வந்தது. அவர் வேகம் எடுத்தார். மோட்டார் ஒரு பக்கமாக நகர்வது எனக்குத் தெரிந்தது. நான் இடைவெளியை அதிகமாக்கினேன். விதிப்படி அதுதான் சரி. அந்த இடைவெளியில்தான் அந்தப் பெண் நுழைந்தாள். ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோகிறவள், முதுகில் பெரிய சதுரப் பை. இடது பக்கமாக என்னைத் தாண்டி, டிரெய்லருக்கு நேர் பின்னால் போய் ஓட்டினாள். இடைவெளி என்பது யாரும் நுழைவதற்காக விடுவது அல்ல. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஹெல்மெட்டின் வார் மாட்டப்படாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதையும் நான் கவனித்தேன்.

மோட்டார் எங்கே கழன்று விழுந்தது, அவள் எங்கே கிடந்தாள் என்பதெல்லாம் உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். சாலையோரத்தில் மாப்பிள்ளை மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் பையிலிருந்து சிதறிய பெட்டிகளை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். "மச்சான் அப்பவே சொன்னாரு. நான்தான் கேக்கல. மச்சான் சொன்னாரு" என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னார். அதைச் சொல்லக் கேட்க நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். அந்த இடத்தில் அதை நினைத்திருக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்தீங்கல்லண்ணா? நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேம்மா. நல்லாத்தான் இருந்தது. போற ஆட்டத்துல கழண்டிருக்கும். அதான் நான் தலையில அடிச்சுக்கிட்டேன், கழட்டிடுங்கன்னு."

அவள் தலையாட்டினாள். நம்பினாள். அவரை நீங்கள் அழைத்துப் போனபோது, அவள் அவரைப் பார்க்காமல் என் பக்கம்தான் நின்றாள்.

முட்டுக்கட்டையை ஏன் தூக்கி எறியவில்லை என்று உங்கள் அதிகாரி கேட்டார். நல்ல கட்டை. உபயோகப்படுகிற பொருளை எறிந்து எனக்குப் பழக்கம் இல்லை. நீங்கள் டிக்கியைத் திறந்தபோதுதான் அது அங்கே இருப்பது எனக்கு நினைவு வந்தது. ஆகவே மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம். அவர் செய்தது அசட்டை மட்டும்தான். அதற்குத் தனியாக என்ன தண்டனை என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் ஏதாவது இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அறிக்கை என்றால் முழுதாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண் என்னைத் தாண்டிய பிறகும் நேரம் இருந்தது. ஒரு திருகு முழுக்க விட்டுப்போய், மோட்டார் இன்னொன்றில் மட்டும் தொங்கியது. நான் அதைத் தெளிவாகப் பார்த்தேன். என் உள்ளங்கை ஹார்ன் மேலேயே இருந்தது. அடித்திருந்தால் அவள் விலகியிருப்பாள். மாப்பிள்ளையும் ஓரம் கட்டியிருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் இறங்கிப் பின்னால் வந்திருப்பார். மோட்டார் இன்னும் பலகையிலேயே இருப்பதைப் பார்த்திருப்பார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா மச்சான், எங்க விழுந்துச்சு?" என்று கேட்டிருப்பார்.