எந்தப் பட்டியலில் என் பிள்ளை?

பிரசங்கத்தை இங்கே கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்லட்டுமா? சின்னக் கதைதான். ஊர்ப் பெயர் மட்டும் கேட்காதீர்கள்... அங்கே போனால் எனக்கு இன்னும் மீன் குழம்பு கிடைக்கிறது.

நான் அந்த ஊரில் போதகராக இருந்த காலம். சபையில் ராஜநாயகம் என்று ஒருவர், மினி பஸ் ஓட்டுகிறவர். மனைவி பியூலா, கணக்கு டீச்சர். கலியாணமாகி ஏழு வருஷம் கழித்து பியூலா உண்டானாள். நாலாம் மாதம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பிறகு வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்து இன்னொரு பரிசோதனை. முடிவு வந்தது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். வளர்ச்சி மெதுவாக இருக்கும், பேச்சு தாமதமாகும், படிப்பு மற்றப் பிள்ளைகள் மாதிரி வராது. டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. "வச்சுக்கறதா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும். ஒரு வாரம் யோசிங்க" என்றார்.

அந்த வாரத்தில் என்னிடம் வந்தார்கள். நான் யோசித்தேனா? போதகருக்கு யோசிக்க ஏது நேரம்? உடனே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்த ரிப்போர்ட்டை மாற்றும்! மாற்றும்! மாற்றும்!" பதினைந்து நிமிடம். நல்ல ஜெபம். எனக்கே பிடித்திருந்தது.

ஆமென் சொல்லி எழுந்தால்... பியூலா கேட்கிறாள்:

"ஐயா, ரிப்போர்ட் மாறணும்னா பிள்ளைதானே மாறணும்? அப்போ இப்ப உள்ள இருக்கிற பிள்ளை எங்க போகும்?"

வேதாகமக் கல்லூரியில் நாலு வருஷம் படித்தவன் நான். இது பாடத்தில் வரவில்லை.

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா பிள்ளையைப் பாத்து இல்லய்யா."

"பின்னே?"

"ஞாயித்துக்கிழமையைப் பாத்து."

புரிகிறதா? கோயிலுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் உடனே சொன்னேன், "சபை உன்னைத் தாங்கும்மா." வாக்குக் கொடுப்பது போதகர், நிறைவேற்றுவது மற்றவர்கள். வசதியான ஏற்பாடு.

அவர்கள் பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் ஆராதனையில் இரண்டு பட்டியல் வாசிப்போம். பிறந்தநாள், கலியாணம், பிள்ளைப்பேறு எல்லாம் கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நான் கையை உயர்த்துவேன், சபையார் "ஸ்தோத்திரம்" என்பார்கள். வியாதி, வழக்கு, பரீட்சை எல்லாம் ஜெப விண்ணப்பப் பட்டியல். அதற்குப் பெருமூச்சு விடுவார்கள்.

சபைச் செயலர் தங்கப்பழம் அண்ணாச்சி அந்த வாரப் பட்டியலை எழுதினார். இந்தக் குழந்தை எதில் இருந்தது தெரியுமா? இரண்டாவதில். ஒருவருடைய மூட்டு வலிக்கும், இன்னொருவருடைய தண்ணீர் வராத போர்வெல்லுக்கும் நடுவில். நானும் படித்தேன்... சரியாகத்தான் பட்டது.

ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னால் ராஜநாயகம் என் அறைக்குள் வந்தார். செயலரும் இருந்தார்.

"அண்ணாச்சி, எம் பிள்ளையை எதுல எழுதியிருக்கீங்க?"

"ஜெபத்துலதான்ப்பா. சபை பூரா ஜெபிக்குமே, நல்லதுதானே?"

"போன மாசம் உங்க பேரனை எதுல எழுதுனீங்க?"

"அது... ஸ்தோத்திரத்துல."

"ஏன், அவனுக்கு ஜெபம் வேண்டாமா?"

தங்கப்பழம் அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ராஜநாயகம் விடவில்லை.

"ஜெபத்துல யாரையாவது போட்டே ஆகணும்னா எம் பேரைப் போடுங்க. பிள்ளை நல்லாத் தூங்குது. எனக்குத்தான் நாலு நாளாத் தூக்கமில்லை."

நான் பேனாவை எடுத்தேன். இரண்டாவது பட்டியலில் குழந்தையைப் பற்றிய வரியை அடித்தேன், முதல் பட்டியலில் எழுதினேன். ராஜநாயகத்தின் தூக்கத்தையும் மறக்காமல் விண்ணப்பத்தில் சேர்த்தேன்.

ஆராதனையில் வாசித்தேன். "ராஜநாயகம், பியூலா தம்பதிக்குப் பெண் குழந்தை." கையை உயர்த்தினேன்.

சத்தமே இல்லை.

எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பியூலாவின் அம்மா கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு குரல், கூரை அதிர: "ஸ்தோத்திரம்!"

யார்? வேதமாணிக்கம் பெரியவர். அவருக்குக் காது மந்தம். கையை உயர்த்தினால் ஸ்தோத்திரம் சொல்வார், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் தெரிந்தது அவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? ரகசியத்தை யாரும் கத்திச் சொல்ல மாட்டார்களே! பெரியவர் சொன்னபிறகு மற்றவர்களால் சும்மா இருக்க முடியுமா? வெட்கப்பட்டுக்கொண்டே சபை முழுக்கச் சொன்னது, "ஸ்தோத்திரம்."

பிரியமானவர்களே, பரிசோதனை செய்வது தப்பா என்று என்னிடம் கேட்கிறீர்கள். தப்பில்லை. முன்னாலேயே தெரிந்ததால்தான் அந்தப் பிள்ளையின் இருதயத்தையும் பார்த்து, வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்தார்கள். கருவைக் கலைப்பது பாவம் என்று நாற்பது நிமிடம் பேச எனக்கும் தெரியும். நீங்களும் தலையாட்டுவீர்கள். ஆனால் டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கிற தாய் என் பிரசங்கத்தையா நினைக்கிறாள்? உங்கள் முகங்களை நினைக்கிறாள். யார் சிரிப்பார்கள், யார் உச்சுக் கொட்டுவார்கள், யார் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு தள்ளி உட்காருவார்கள்... அதை நினைத்துத்தான் பாதி முடிவை எடுக்கிறாள். அந்தப் பாதிக்குக் கர்த்தர் அவளிடம் கணக்குக் கேட்பாரா, நம்மிடம் கேட்பாரா?

இன்று உங்களைப் பெரிதாக எதுவும் செய்யச் சொல்லவில்லை. அப்படி ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் இந்த வாசலில் வந்து நின்றால், "வாம்மா" என்று சொல்லி, உங்கள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள். அடுத்த பெஞ்சுக்கு அல்ல, உள்பக்கமாக நகருங்கள்.