எங்கையப்பா போறியள்?

மீன்பிடிக்கு எது நல்ல நாள் எண்டு என்னைக் கேட்டால், ஏப்ரல் மாசத்து மூட்டமான சனிக்கிழமை எண்டு சொல்லுவன். அணையிலை தண்ணியைக் குறைச்சு விடுவினம். கோல்பேர்ன் ஆறு முழங்காலளவுக்கு இறங்கும். ட்ரவுட் மீன் முட்டையிட மேலை ஏறத் தொடங்கும். ஏழெட்டு வருசத்துக்கு முந்தி அப்பிடியொரு சனிக்கிழமைதான் கேதீஸ்வரனை முதன்முதலாக் கூட்டிக்கொண்டு போனனான்.

கேதீஸ் அருமையான மனுசன். ஊரிலை ரின்னிலை அடைச்சு வந்த சமன் மீனைத் திண்ட பழக்கத்திலை, எந்த மீனைக் கண்டாலும் அவனுக்கு அது "சமன்"தான். நாங்கள் வந்து குடியேறின வெள்ளைக்கார ஊர் கிளென் வேவர்லியிலை அவன்ரை வீட்டாலை நாங்கள் வெளிக்கிடேக்கை, மனுசி பவளம் குசினி யன்னலாலை எட்டிப் பாத்து, "எங்கையப்பா போறியள்?" எண்டு கேட்டுப்போட்டா. வெளிக்கிடேக்கை அப்பிடிக் கேக்கக் கூடாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. "சகுனத்தைக் கெடுத்துப்போட்டாள்" எண்டு காரிலை வழி முழுக்க அவன் புறுபுறுத்துக்கொண்டே வந்தவன். நான் சிரிச்சனான்.

பத்து மணிபோலை அவன்ரை தூண்டில் தடி தண்ணியிலை முட்டுமாப்போலை வளைஞ்சுது. மீன் ஏழு இறாத்தல் வரும். அதுக்கு முதல் ஆறு வருசமா நான் ஆத்தின்ரை அந்த வளைவுக்குப் போய்வந்தனான். மூண்டு இறாத்தலுக்கு மேலை கண்டதில்லை. அவனுக்கு அது முதல் நாள். "வலையைக் கொண்டு வாடா மச்சான், சமன்! சமன்!" எண்டு குதிக்கிறான். நான் இறங்கி, வலை விளிம்பாலை நூலிலை ஒருக்காத் தட்டினன். பெலத்துத் தட்டேல்லை. நூல் அறுந்துபோச்சு. மீனுக்கும் நல்லதுதானே.

"எல்லாம் அவள் கேட்ட கேள்வியாலை" எண்டான்.

"ஓம், கேட்டவதான்" எண்டன். அதிலை ஒரு பொய்யும் இல்லை.

வீட்டை வந்து அவன் குடுத்த ஏச்சிலை, பவளம் பிறகு அவனை எங்கை போறியள் எண்டு கேக்கிறதை விட்டிட்டா.

போன வருசம், அந்தச் சமனைத் தனியப் பிடிச்சு எனக்குக் காட்டவேணுமெண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் போயிட்டான். இருட்டியும் ஆள் வரேல்லை. பொலிஸ் பவளத்தைக் கேட்டது ஒரேயொரு கேள்வி: எங்கை போனவர்? "நான் கேக்கேல்லையே" எண்டு பாவம், விக்கி விக்கி அழுதவ. பிறகு என்னைக் கேட்டவை. அந்த வளைவுக்குத்தான் போயிருப்பான் எண்டு எனக்கு உடனை விளங்கிட்டுது. எண்டாலும் மீன் ஏறுற நேரம். பத்துப் பேர் சப்பாத்துக் காலோடை அந்த வளைவுக்கை இறங்கினால் மீன் நிக்குமோ? "யாரா ஆத்துப் பக்கம் பாருங்கோ" எண்டு மற்ற ஆத்தைச் சொன்னன்.

ரண்டு நாள் யாராவைத் தேடினவை. திங்கக்கிழமை, கோல்பேர்ன் கரையிலை ஆடு மேய்க்கிற வெள்ளைக்காரன் ஒருத்தன் அவனை உயிரோடை கண்டெடுத்தான். கல்லிலை வழுக்கி முறிஞ்சு, ரண்டு நாளாக் கிடந்து பழுதான காலை ஆஸ்பத்திரியிலை முழங்காலுக்குக் கீழை எடுத்துப்போட்டினம். ஆள் அதே கேதீஸ்தான். "இனி ஒரு சப்பாத்துத்தான் மினுக்கவேணும், மச்சான்" எண்டு பகிடி விடுறான்.

சனிக்கிழமையளிலை நான்தான் அவைக்கு ட்ரவுட் கொண்டுபோய்க் குடுக்கிறன். பவளம் பொரிச்சுத் தருவா. "நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு ஆரண்ணை?" எண்டு கண் கலங்குவா. எனக்கு ஒளிக்கிற பழக்கம் இல்லை. நான் வெளிக்கிடேக்கை ஒரேயொருக்கா "எங்கையண்ணை போறியள்?" எண்டு கேட்டாவெண்டால், அந்த வளைவையும் நூலையும் யாராவையும் எல்லாத்தையும் சொல்லிப்போடுவன். அவ கேக்கிறேல்லை. நான் என்ன செய்ய?