தினமும் ஒரு செம்பு

சிங்கப்பூர் தேக்காவில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் மடியில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

"தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டேன் அக்கா" என்றாள்.

"யாரைடி?"

"வீட்டுக்காரரோட கத்தாழையை. ரெண்டு ஜாதியோட பூவைச் சேர்த்து, விதை எடுத்து, அவரே வளர்த்தது. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பார்த்துக்கன்னாரு. துளசிக்கு ஊத்துறப்ப அதுக்கும் தினம் ஒரு செம்பு ஊத்தினேன். அடியோட அழுகிடுச்சு."

"கத்தாழைக்கு யாராச்சும் தினம் ஊத்துவாங்களா லா?"

"அவர் பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டு ஊத்தினேன்."



"ஒண்ணுமே மிஞ்சலையா?"

"பக்கத்துல முளைச்ச ஒரு குட்டிக் கன்னு இருக்கு."

"காய வெச்சு மணல்ல நடு. வேர் விடும்."

"எப்பப் பூக்கும்?"

"வருஷக்கணக்காகும்டி. அது மெதுவாத்தான் வளரும்."

"தீபாவளியைத் தாண்ட மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவர் பூத்துச்சா, என்ன கலர்னு தினம் கேக்குறாரு. ஒரு ஜாதி சிவப்பு, ஒண்ணு மஞ்சள். சேர்ந்தா என்ன வரும்னு பார்க்கணுமாம்."

"பூத்துடுச்சுன்னு சொல்லிடு."

"என்ன கலர்னு சொல்ல?"

"உனக்குத் தோணினதைச் சொல்லு."

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. சின்னவள் எழுந்தாள்.

"சிவப்புல மஞ்சள் ஓரம்னு சொல்றேன். கொண்டு வந்து காட்டுன்னா?"

"பறிக்க மனசு வரலை, வீட்டுக்கு வந்து பாருங்கன்னு சொல்லு."

சின்னவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள். அவள் நடந்து போவதைப் பார்க்கப் பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.