முட்டை உருளும் கூண்டு

— கைய எடுங்கக்கா! பெட்டிக்குள்ளேருந்து கைய எடுங்க முதல்ல!

— ஐயோ! ஏன்டி இப்படிக் கத்தற? உசுரே போயிட்டு வந்துச்சு.

— மெதுவா... குட்டி மேல உங்க வளையல் உரசுது பாருங்க. ம், அப்படியே வெளிய எடுங்க. இப்ப சொல்லுங்க. விடிஞ்சதும் விடியாததுமா என் முயல் கூண்டுக்குள்ள உங்க கைக்கு என்ன வேலை?

— சும்மா பாத்தேன். ஒரே வீட்டு மூத்த மருமக, ஓரகத்தியோட முயலப் பாக்கறதுக்கு உன்கிட்ட டிக்கெட் வாங்கணுமா?

— பாக்கறதுக்குக் கண்ணு போதுமேக்கா. கை எதுக்கு?

— ரொம்பப் பேசாத சின்னவளே. என்னடி, நாய் மாதிரி மோந்து மோந்து பாக்கற?

— தைலம்.

— என்னது?

— தலைவலித் தைலம். உங்க விரல்ல இருக்கு. இந்தக் குட்டி முதுகுல இருக்கு. இதுலயும்... அடக் கடவுளே, எல்லாத்துலயும் இருக்கு!

— எனக்குத் தலைவலி. தடவிக்கிட்டேன். கை பட்டிருக்கும்.

— தலைவலி உங்களுக்கு. தைலம் கண்ணுகூடத் தெறக்காத குட்டி முதுகுலயா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. மாட்டு டாக்டர் நம்ம வாசல்ல நின்னு சொன்னாரே, குட்டி மேல வேத்து வாசனை அடிச்சா தாய் சேத்துக்காது, உதைச்சே கொன்னுடும்னு. நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுதானே கேட்டோம்?

— கேட்டேன். அதுக்கென்ன இப்ப?

— அதுக்குத்தான் தடவுனீங்களா?

— ஆமாண்டி, தடவுனேன்! போதுமா? ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. தெருவே உன் கூண்டு முன்னாடி நிக்குது. பால்காரர் நிக்கறார், தபால்காரர் சைக்கிள ஸ்டாண்டு போட்டுட்டு நிக்கறார். என் புருஷன், என் சொந்தப் புருஷன், வாய் நிறைய பேஸ்ட் நுரையோட வந்து "அடடா, எவ்வளவு அழகு"ங்கறார். நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்தாக்கூட அந்த வாய்லேருந்து அடடா வந்ததில்ல!

— அடுத்த வீட்டுக்காரி புள்ள பெத்தான்னு அம்மிக்குழவிய எடுத்துக் குத்திக்கிட்டாளாம் ஒருத்தி. அந்தக் கதையால்ல இருக்கு.

— குத்திக்கத்தான் செய்வா! ரெண்டு முயலையும் ஒரே கடையில வாங்கினோம். ரெண்டும் ஒரே வெள்ளை. ஒரே நாள்ல, ஒரே ஆண் முயல்கிட்ட விட்டோம். உன்னுது பெட்டி வழியப் போட்டு வச்சிருக்கு. என்னுது? மயிரப் பிச்சு மெத்தை போட்டுச்சு, ராத்திரியெல்லாம் கம்பியப் பிறாண்டுச்சு, விடிஞ்சா வயிறு இறங்கியிருக்கு, குட்டி மட்டும் காணோம். பொய்ச் சினையாம். டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறார்.

— அவர் எல்லாத்துக்கும் சிரிப்பார்கா.

— நீயும்தானடி சிரிச்ச! அன்னைக்கு வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடினியே, நான் பாக்கலேன்னு நினைச்சியா?

— நான் சிரிக்கல.

— பின்ன அழுதியா?

— விடுங்க.

— எல்லாத்தையும் விட்டுட்டேன். அதான் சுவர். இன்னைக்குக் கொத்தனார் வர்றார். கொல்லைக்கு நடுவுல ஒரு சுவர் எழும்பட்டும். உன் கூண்டும் வேண்டாம், உன் கும்பலும் வேண்டாம். உன் பக்கம் நீ, என் பக்கம் நான்.

— நிஜமாவா? நீங்க கோவத்துல சொல்றீங்கன்னு நினைச்சேன்.

— கோவத்துல சொல்றதத்தான் நான் செய்வேன்.

— அக்கா, நடுவுல சுவர் வந்தா மரம் உங்க பக்கம் போயிடும். என் பக்கம் மொட்டை வெயில். முயல் வெயில் தாங்காது. மதியத்துக்குள்ள நாக்கத் தள்ளிடும், குட்டி ஒண்ணுகூட மிஞ்சாது.

— தகரம் போட்டுக்கோ.

— தகரத்துக்குக் கீழ வச்சா வெந்தே போயிடும்.

— அதெல்லாம் உன் கெட்டிக்காரப் புருஷன் பாத்துப்பார். துருப்பிடிச்ச கூண்டையே அரண்மனையாக்கினவராச்சே!

— அந்தக் கதைய நான் எடுக்கல. நீங்கதான் எடுத்தீங்க. கோழிப்பண்ணைய இழுத்து மூடறாங்க, கூண்டெல்லாம் வந்த விலைக்குக் குடுக்கறாங்கன்னு சேதி கொண்டு வந்தது உங்க கொழுந்தன். வண்டி பிடிச்சு ஏத்திட்டு வந்தவரும் அவர்தான். வாசல்ல இறக்கக்கூட விடாம, "இது எனக்கு, அது எனக்கு"ன்னு பளபளன்னு இருந்ததெல்லாம் ஒதுக்கிக்கிட்டது யாரு?

— மூத்தவ முதல்ல எடுக்கறதுதான் இந்த வீட்டு வழக்கம்.

— வழக்கந்தான். மாடி ரூம் உங்களுக்கு. காத்து வர்ற ஜன்னல் உங்களுக்கு. வாய் திறந்தேனா? எனக்கு வந்த கூண்டெல்லாம் அடி கழண்டது, கதவு தொங்கினது. கூண்டே பழசு. அந்தப் பழசுலயும் எனக்குக் கழிச்சது.

— கழிச்சதுலதானே பெட்டி வழியப் போட்டிருக்கு! உனக்கென்ன குறை?

— அடி இல்லாத கூண்ட வச்சுக்கிட்டு என்ன பண்றது? அவர் நெருப்பு காட்டி எச்சத்தையெல்லாம் எரிச்சார். பிளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டு நான் தேய்ச்சேன். கை தோலே உரிஞ்சு போச்சு. சின்னக் கண்ணு வலையா வாங்கி, அடியச் சமமா வச்சு, குறடால முறுக்கி முறுக்கிக் கட்டினோம். காலுக்குப் புண்ணு வராம நிக்க ஒரு பலகை. குட்டி போட, உடைஞ்ச மேஜையோட இழுப்பறை. எல்லாம் புதுசா செய்ய வேண்டியதாப் போச்சு.

— நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? வெள்ளி பெயிண்ட் அடிச்சேன்!

— அடிச்சீங்க. மின்னுது.

— என்னடி இழுக்கற?

— ஒண்ணுமில்ல. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— கோவிச்சுப்பேன். சொல்லு.

— இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நான்தான் உங்க ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்க புடவை, உங்க பாத்திரம், மாமா உங்களுக்கு வாங்கிட்டு வர்ற பூ. இந்த ஒரு வாரமாத்தான் நீங்க என் பக்கம் எட்டி எட்டிப் பாக்கறீங்க. நல்லா இருந்துச்சுக்கா. ரொம்ப நல்லா இருந்துச்சு.

— நெஞ்சழுத்தக்காரி! சொல்ல எப்படி வாய் வருது பாரு!

— சும்மா இருங்க... தாய் பெட்டிக்குள்ள இறங்குது.

— நகரு, நானும் பாக்கறேன். இப்ப உதைக்கும் பாரு. என்னடி இது? உதைக்கலயே! மோந்து பாத்துட்டுப் பேசாம பால் குடுக்குது? அத்தனை தைலத்துக்கும்... இரு. குனிஞ்சா இன்னும் வாசனை தூக்குதே. இது குட்டிலேருந்து வரல. உன் முயல் மூக்குலேருந்து வருது!

— அப்படியா?

— அப்படியாவா? அதோட மூக்குல யாரு தைலம் தடவுனது?

— நான்தான். எனக்கும் தலைவலி.

— ஏன்டி, என்னையே கிண்டல் பண்றியா?

— பெரியம்மா! சின்னம்மா! உள்ள வரலாமா? கொத்தனார் வந்திருக்கேன். சொன்னா சொன்னபடி வந்துட்டேன் பாருங்க, சூரியனுக்கே இப்பத்தான் பாதிக் கண்ணு முழிப்பு.

— வாங்க கொத்தனாரே. நூல் பிடிங்க. அந்தக் குழாய்லேருந்து இந்தப் படி வரைக்கும். மரம் என் பக்கம் வரணும்.

— மரம் வரும் பெரியம்மா. குழாய் மட்டும் யாரு பக்கமும் வராது, நட்ட நடுச் சுவத்துக்குள்ள போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் சுவத்த நக்கித்தான் தண்ணி குடிக்கணும்.

— கொத்தனாரே, கொஞ்சம் பொறுங்க. அக்கா, இன்னொரு தடவை யோசிங்க. என் பொண்ணு ராத்திரியானா உங்க மடியிலதான் தூங்கறா. அவள எப்படிச் சுவத்துக்கு மேல தூக்கிக் குடுப்பேன்?

— அவ வாசல் வழியா வரட்டும். உன் முயல் வரக்கூடாது. நீங்க நூலப் பிடிங்க.

— பிடிக்கறேன் பெரியம்மா. சுவருக்குத்தான் கூலி பேசியிருக்கோம், பஞ்சாயத்துக்கு இல்ல. சொன்னா சொன்னபடி. சின்னம்மா, கையெல்லாம் சிமென்ட்டு, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. இந்த நூல் உருண்டைய எங்க வைக்க? இந்தா, இந்த வெள்ளிக் கூண்டு காலியாத்தானே கெடக்கு?

— வைங்க. ராசி இல்லாத கூண்டு. என் முயல மேல் தட்டுக்கு மாத்திட்டேன்.

— ஏ... ஏ! பெரியம்மா, உங்க கூண்டு என் நூலத் துப்பிடுச்சு!

— ஒரு உருண்டைய ஒழுங்கா வைக்கத் தெரியல, நீங்க சுவர் கட்ட வந்துட்டீங்க. நல்லா உள்ள தள்ளி வைங்க.

— நல்லாத்தான் வைக்கறேன். பாருங்க, பின் கம்பிய ஒட்டி வச்சுட்டேன். கைய எடுக்கறேன். போச்சா? விறுவிறுன்னு வந்து அடிச் சந்து வழியா முன்னாடித் தொட்டியில விழுந்துடுச்சு.

— ஏன் விழுது?

— கோழிக்கூண்டுன்னா அப்படித்தான். தரையச் சாய்ச்சு வச்சு, முன்னாடி கீழ சந்து விட்டிருப்பாங்க. கோழி முட்டை போட்டா தானா உருண்டு வந்து தொட்டியில நிக்கும். ஆள் உள்ள கைவிட வேண்டாம் பாருங்க.

— எடுங்க அத. நான் வைக்கறேன்.

— வைங்க, எனக்கென்ன.

— இதோ, பின்னாடி ஒட்டி வச்சுட்டேன்.

— மறுபடியும் துப்பிடுச்சா? ஹஹ! சின்னம்மா, உங்க கூண்டுலயும் வச்சுப் பாக்கட்டா?

— வேண்டாம் கொத்தனாரே. என்னுது அடி மாத்தினது. உருளாது.

— கொத்தனாரே, சிரிக்காம ஒண்ணு சொல்லுங்க. முட்டை உருளும் சரி. முயல்குட்டி?

— பொறந்த குட்டியா? அதுல மயிரு ஏது, பிடிப்பு ஏது? முட்டையாவது வறண்டு இருக்கும். குட்டி வழுக்கிக்கிட்டே வந்துடுமே பெரியம்மா.

— என் முயல் அன்னைக்குக் குட்டி போட நான் வச்ச கூடைக்குள்ள போகவே இல்லடி. இந்த மூலையில, இந்த வெறுங் கம்பி மேல உக்காந்து பிறாண்டிக்கிட்டே இருந்துச்சு. அப்படின்னா... அது பொய்ச் சினை இல்ல!

— அக்கா...

— போட்டிருக்குடி! என் முயல் போட்டிருக்கு! போட்டதெல்லாம் உருண்டு வந்து இந்தத் தொட்டியில விழுந்திருக்கு. அப்ப எங்க என் குட்டிங்க? பூனை தின்னா ரத்தமாவது இருக்கணும். நான் எழுந்து வந்தப்ப இந்தத் தொட்டி கழுவி வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு. ஏய், நீதானே எனக்கு முன்னாடி எழுந்திரிக்கறவ? யாரு கழுவுனது?

— நான்தான்.

— எதுக்கு?

— ஈரமா இருந்துச்சு.

— என்ன ஈரம்? வாயத் திற! அன்னைக்குத்தான் நீ அந்தச் செடிக்குக் கீழ குழி தோண்டின. மாடி ஜன்னல்லேருந்து பாத்தேன். என்னடின்னு கேட்டதுக்குக் குப்பைன்ன. பழைய பாவாடைத் துணில சுத்தி, நோகாம இறக்கி, யாருடி குப்பையப் புதைப்பாங்க?

— பெரியம்மா, நான் வேணும்னா ஒரு டீ குடிச்சுட்டு வரட்டுமா?

— நில்லுங்க! நீங்கதான் சாட்சி. நான் குட்டி மேல தைலம் தடவினதுக்கு என்ன குதி குதிச்சா இவ! என் குட்டிங்கள மண்ணுக்குள்ள போட்டு மூடிட்டு, ஒரு வாரமா என் கண்ணு முன்னாடி உன் குட்டிங்களக் காட்டிக் காட்டிச் சிரிச்சிருக்கியேடி! நல்லா இருந்துச்சாம், ரொம்ப நல்லா இருந்துச்சாம்! கொத்தனாரே, சுவர் பத்தாது. மதில் போடுங்க. ரெண்டாள் உயரத்துக்கு!

— அக்கா, என் முயல் மூக்குல ஏன் தைலம்னு கேட்டீங்களே.

— தலைவலின்னியே!

— டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னார். முதல் விஷயத்தோட, அடுப்புல பால் இருக்குன்னு நீங்க ஓடிட்டீங்க. ரெண்டாவதையும் நின்னு கேட்டது நான் மட்டும்தான். தாயோட மூக்குலயே தினமும் தைலத்தத் தடவிட்டா அதுக்கு எல்லாக் குட்டியும் ஒரே வாசனைதான். தான் போட்டது எது, அடுத்தது போட்டது எதுன்னு தெரியாது. எல்லாத்துக்கும் பால் குடுத்துடும்.

— அடுத்ததா? அடுத்தது எங்கேருந்து... அடிப்பாவி! என்னுதுல பிழைச்சத எடுத்து உன்னுதோட கலந்துட்டியா? பெட்டிக்குள்ள என்னுதும் இருக்கா? எது என்னுது? பிரிச்சுக் குடு. கொத்தனார் முன்னாடி இப்பவே பிரிச்சுக் குடு!

— பிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்லக்கா.

— ஏன் இல்ல? அந்தக் குழிக்குள்ள கெடக்கறது யாரு குட்டிடி?

— என்னுதுக்கா. என் முயல் போட்டது அத்தனையும் செத்தே பொறந்து அந்தக் குழிக்குள்ளதான் இருக்கு.