எனக்கு ஓப்பன் ஆகுதே!

கை தட்டாதீங்க... நான் திட்டப் போறேன். "புதுசா தன்னார்வலர்களே வர மாட்டேங்கிறாங்க, வந்தாலும் நிக்க மாட்டேங்கிறாங்க"ன்னு காலையில இருந்து இந்த மேடையில ஆளாளுக்குப் புலம்பிட்டுப் போறீங்க. ஏன் நிக்க மாட்டேங்கிறாங்க? யாராவது யோசிச்சீங்களா? ஒரு குட்டிக் கதை இருக்கு... அதைக் கேட்டுட்டு அப்புறம் புலம்புங்க.

தூத்துக்குடியில ஜெனோவான்னு ஒரு பொண்ணு. பகல்ல ஷிப்பிங் ஆபீஸ் வேலை, வீட்டுக்கு வந்தா நம்ம வேலை. நம்ம வேலைன்னா... கட்டற்ற மென்பொருள் வேலை, சம்பளம் இல்லாத வேலை! திரையில இருக்கிற தமிழை வாய்விட்டுப் படிச்சுக் காட்டுற மென்பொருள் இருக்கில்ல, பார்வை இல்லாதவங்களுக்கு? அந்தப் பேக்கேஜைப் பராமரிக்க ஆளே இல்லாம கிடந்துச்சு. "நான் பாத்துக்கிடுதேன்"னு தானா வந்து ஏத்துக்கிட்டா.

ஒரு அப்டேட் வந்துச்சு. வந்ததும் தமிழ்க் குரல் நின்னு போச்சு. அவ வீட்டுப் பக்கத்துல தவசிமுத்துன்னு ஒரு வாத்தியார், கண் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் படிக்கிறதைக் கேட்டு மனசுல ஏத்திக்கிட்டுப் போய்ப் பாடம் நடத்துறவர். போன் பண்றார்.

"ஏம்மா, பொட்டி வாயே தொறக்க மாட்டேங்கே... பிள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

"கொஞ்சம் பொறுங்க சார், சரி பண்ணிருதேன்."

பண்ணிட்டா! தப்பைக் கண்டுபிடிச்சு, திருத்தி, ஓட்டியும் பார்த்துட்டா. இனி அதை நம்ம ரெப்போவுல ஏத்தணும். புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன்... ரெப்போன்னா மூல நிரல் எல்லாம் இருக்கிற பொதுக் களஞ்சியம். அங்க ஏறினாத்தான் ஊர் ஊரா இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்ள ஏறணும். அன்னிக்குப் புது வெளியீட்டைப் பூட்டிருவாங்க, அதுக்கப்புறம் எதையும் சேர்க்க முடியாது. விட்டா, அடுத்த வெளியீடு ஆறு மாசம் கழிச்சுத்தான்!

ஏத்துறா... "அனுமதி மறுக்கப்பட்டது."

நம்ம சாட் குரூப்புல கேட்டா. நிர்வாகி தணிகைவேல், நல்ல மனுஷன், உடனே பதில் போட்டார். "உதவிப் பக்கத்துல எல்லாம் தெளிவா எழுதியிருக்கே மேடம், படிக்கலையா?"

அவர் குடுத்த லிங்க்கை அமுக்குறா... "இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை."

"சார், உதவிப் பக்கமே திறக்க மாட்டேங்கு."

அதுக்கு அவர் என்ன சொன்னார்? சொல்லுங்க... உங்களுக்குத் தெரியும்... தினமும் நீங்க சொல்றதுதான்! "எனக்கு ஓப்பன் ஆகுதே!"

அட, உனக்கு ஆகும்யா! நீ உள்ளே இருக்கே!

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம். "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற நுழைவுச் சாவி ஃபைலை அழிச்சிட்டுப் புதுசா உருவாக்குங்க." உருவாக்கினா. "பிரவுசரை மாத்துங்க." மாத்தினா. "நெட்டுதான் கோளாறு." அக்கா வீட்டுக்குப் போய் அவங்க நெட்ல பார்த்தா. ஒரு புண்ணியவான் கேக்குறான், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

கடைசியில அவளே கேட்டா. "சார், திருத்துனத மெயில்ல அனுப்புதேன், நீங்களே ஏத்திருங்களேன்."

"அது முறையில்ல மேடம். பராமரிக்கிறவங்க பேர்லதான் ஏறணும்."

முறையாம்! அவ பேர்ல ஏற மாட்டேங்குதுன்னுதானேய்யா அவ கத்திட்டிருக்கா!

வெள்ளிக்கிழமை வந்துச்சு... பூட்டிட்டாங்க.

அடுத்த வாரம் தணிகைவேலோட லேப்டாப் படுத்துருச்சு. அதோட அவர் சாவியும் போச்சு. புது லேப்டாப்ல உள்ளே நுழைய முடியல. என்ன செய்யணும்னு பார்க்க உதவிப் பக்கத்தைத் திறக்கிறார். என்ன வரும்? "அனுமதி இல்லை!"

இன்னொரு நிர்வாகி குருபரனுக்குப் போன். "யோவ், உதவிப் பக்கம் திறக்கலைய்யா."

குருபரன் என்ன சொன்னார்? "எனக்கு ஓப்பன் ஆகுதே!"

சிரிங்க, சிரிங்க... தணிகைவேலுக்குச் சிரிப்பு வரல. அப்பத்தான் உறைச்சிருக்கு. "அதுல என்னதான்யா எழுதியிருக்கு? படி." குருபரன் படிக்கிறார்... "புதிதாக வருபவரை நிர்வாகி ஒருவர் உறுப்பினர் குழுவில் சேர்க்க வேண்டும். அதன் பிறகே அவரால் ரெப்போவில் ஏற்ற முடியும்." எழுதினது யாரு? தணிகைவேலேதான்! எழுதி வருஷக்கணக்காச்சு, மறந்தே போயிட்டார். ஜெனோவாவைச் சேர்த்திருக்க வேண்டியது யாரு? அவரேதான்! ஒரு க்ளிக்... ஒரே ஒரு க்ளிக்யா!

குருபரன் அவளைச் சேர்த்தார். தணிகைவேல் போன் பண்ணி, "மன்னிச்சுக்கோங்கம்மா, தப்பு எங்க மேலதான். இப்ப ஏறும், பாருங்க"ன்னார்.

அவ கோபப்படல. அதைத்தான் என்னால தாங்க முடியல. "பரவாயில்ல சார். தவசிமுத்து சார் வீட்டுக்கு நானே போய் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டேன், அவருக்குப் பேசுது. மத்தவங்க வீட்டு விலாசம் இருந்தா குடுங்க... அங்கயும் போயிட்டு வாரேன்."

யார்கிட்டய்யா இருக்கு அந்த விலாசம்? எந்தெந்த ஊர்ல எத்தனை பேர் ஊமையாப் போன கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆறு மாசம்!

தோழர்களே... தணிகைவேல் கெட்டவர் இல்ல. உங்களை மாதிரி, என்னை மாதிரி, உள்ளேயே இருந்து பழகிட்டவர். அவ்வளவுதான். ஒருத்தர் "எனக்குத் திறக்கல"ன்னு சொன்னா, உங்க சாவியைப் போட்டுப் பார்த்துட்டு "திறக்குதே"ன்னு சொல்றது பதிலே இல்ல. அவர் நிக்கிற இடத்துல போய் நின்னு பாருங்க. ஆள் நிக்கலைன்னு அழுறோமே... வந்த ஆளை நாமதானே வாசல்லயே நிக்க வெச்சிருக்கோம்?

நிர்வாகிகள் எல்லாரும் போனை எடுங்க. இப்பவே... முன் வரிசை, என்ன முழிக்கிறீங்க, எடுங்க. லாக் அவுட் பண்ணுங்க. பண்ணிட்டீங்களா? இப்ப நம்ம உதவிப் பக்கத்தைத் திறங்க...

என்ன வருது? சத்தமாப் படிங்க... ம்... "அனுமதி இல்லை." ஜெனோவாவைச் சேர்த்தோம். பக்கத்தைத் திறந்து வெச்சோமா? அடுத்து ஒரு பொண்ணு இந்நேரம் அதே வரியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பா. யாரும் எந்திரிக்க வேண்டாம். முதல்ல அதைத் திறங்க.